மரக்கதவுக்குக் கிடைத்த புது உத்தியோகம்

கிளென்மோர் தோட்டம்,
ரிங்லெட்.
8 மார்ச் 1985

அன்பு மகள் நவமணிக்கு,

இங்கே நான், உன் அம்மா, அம்மாவின் கோபம் மூன்று பேரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

கோபத்துக்குக் காரணம் என் கால்சட்டை. போன தீபாவளிக்கு எடுத்தது. அதில் ஒரு துண்டு இப்போது உன் வகுப்பு நாற்காலியின் ஆணியில் தொங்குகிறது. எப்படி என்று கேட்பாய். கேட்காவிட்டாலும் உன் அம்மா எழுதச் சொல்லிவிடுவாள். அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

பஸ் ஏறும்போது நீ, "காலையில ஒரு எட்டு வகுப்பைப் பாத்துக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாய் அல்லவா? எனக்கோ ஃபேக்டரியில் மாலை ஷிப்ட். காலை முழுவதும் சும்மாதானே என்று தலை வாரி, சட்டை மாட்டி, பெரிய இன்ஸ்பெக்டர் மாதிரி உன் வகுப்பு நடக்கிற பழைய ஆயாக் கொட்டகைக்குப் போனேன். ஜெயா டீச்சர் வாங்கண்ணே என்றாள். நம்ம ஆபீஸ் கிராணி நாகரத்தினத்தின் மனைவியை டீச்சர் என்று கூப்பிட என் நாக்கு இன்னும் பழகவில்லை. நீ கோலாலம்பூர் பயிற்சி முடித்து வரும் வரைக்கும் அவள்தானே டீச்சர், பழகித்தான் ஆக வேண்டும். உட்காருங்க என்றாள். உட்கார்ந்தேன். அது ஐந்து வயசுப் பிள்ளைக்குச் செய்த நாற்காலி என்பது உட்கார்ந்த பிறகுதான் எனக்கும் நாற்காலிக்கும் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, வரட்டுமாம்மா என்று எழுந்தேன். நாற்காலியும் எழுந்தது. நான் திரும்பினால் அதுவும் திரும்புகிறது. பிள்ளைகள் கூரை பறக்கச் சிரித்தார்கள். பின்னால் பாயில் உட்கார்ந்திருந்த பா அலாங்தான் வந்து நாற்காலியின் காலைப் பிடித்து இழுத்தார். அவர் மனைவி வா இடா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். டர்ரென்று ஒரு சத்தம். நாற்காலி பிழைத்தது. அவர்கள் மகள் மெலோர், ஒரு வார்த்தை பேசாது என்பாயே, அந்தக் குட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் உருண்டது.

ஓடைக்கு அப்பால் காட்டில் வாழும் செமாய்க்காரப் பெரியவர்கள் இத்தனை பேர் வகுப்புக்குள் இருப்பார்கள் என்று நீ எனக்குச் சொல்லவே இல்லையே. ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். ஒருத்தர் மூங்கிலைச் சீவிக்கொண்டிருக்கிறார். ஜெயாவுக்கு இது பிடிக்கவில்லை. வாசல் வரை வந்து என் காதில் சொன்னாள்: "அப்பன் ஆத்தா எல்லாம் உள்ள உக்காந்தா புள்ளைங்க எப்பண்ணே படிக்கும்? இது இஸ்கூலா, காலையில ஆள் எடுக்குற பெரட்டுக்களமா?"

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஒரு கையால் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டிருப்பவன் வேறென்ன பேச முடியும்?

உன் அப்பா,
முருகையா

*

கோலாலம்பூர்
20 மார்ச் 1985

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை விடுதியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டேன். கோபிக்காதீர்கள். அம்மாவிடம் புதுக் கால்சட்டை நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் தலையாட்டியது எனக்குப் பிடிக்கவில்லை அப்பா. ஜெயாக்கா நல்லவர்தான். அவருக்குத் தெரியாததை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டாமா? போன வருசம் நான் வகுப்பு திறந்தபோது பா அலாங் கொட்டகைக்கு வெளியே மழையில் நின்று பார்த்துவிட்டுப் போவார். கூப்பிட்டால் வரமாட்டார். ஒருநாள் மெலோர்தான் அவர் விரலைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்தாள். அதன் பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். பிள்ளையை வாசலில் ஒப்படைத்துவிட்டுப் போகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. கூடவே வருவார்கள். வந்தால் உட்காருவார்கள். அப்படித்தான் என் வகுப்பு வகுப்பானது.

நடுவருசத்தில் இலாகாவிலிருந்து அதிகாரி புவான் ஆரிஃபா பார்க்க வருவார். செமாய்ப் பிள்ளைகள் ஒழுங்காகப் படிக்கிறார்கள் என்று அவர் எழுதிக் கொடுத்தால் வகுப்பை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்குப் பால் வரும், கரும்பலகை வரும். இல்லையென்றால் கொட்டகையை உர ஸ்டோராக்கத் தோட்டத்துப் பெரிய துரை காத்திருக்கிறார். எனக்கு ஒன்றும் நட்டமில்லை, இங்கேயே ஒரு டவுன் பள்ளியில் வேலை தருகிறேன் என்கிறார்கள். நட்டம் மெலோருக்கு.

அதனால் அந்த வாசலை மட்டும் மூட விடாதீர்கள்.

இன்னொன்று. அந்தப் பிள்ளைகளிடம் ஒன்றைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தராமல் மட்டும் இருக்காதீர்கள். காரணம் பெரிய கதை, வந்து சொல்கிறேன்.

உங்கள் மகள்,
நவமணி

*

கிளென்மோர்
12 ஏப்ரல் 1985

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ செய்யாதே என்று எழுதியிருந்த காரியத்தை, கடிதம் வருவதற்கு முன்பே நான் செய்து முடித்துவிட்டேன். தபால்காரனைக் குறை சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தேன். உன் அம்மா விடவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். ஜெயா தச்சரைப் பிடித்து வாசல்படியில் ஒரு மரக்கதவு போட்டுவிட்டாள். இடுப்பு உயரம்தான். பிள்ளைகள் உள்ளே, பெரியவர்கள் வெளியே. முதல் நாள் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாமார்கள் வரிசையாக நின்றார்கள். இந்தப் பக்கம் பிள்ளைகள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதன. ஜெயா, "ரெண்டு நாள்ல பழகிடும்ணே" என்றாள். ரெண்டு நாளில் பழகித்தான் போனது. வராமல் இருக்கப் பழகிவிட்டார்கள். இப்போது வகுப்பில் நம்ம லயத்து வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான். செமாய்ப் பிள்ளை ஒன்றுகூட இல்லை.

நான் விடுவேனா? ஓடையைத் தாண்டி அவர்கள் கம்போங்குக்குப் போனேன். மெலோர் படியில் உட்கார்ந்திருந்தாள். பெரியவர்களிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் பிள்ளையைப் பிடித்தேன். "நாளைக்கு இஸ்கூலுக்கு வா. உனக்கு இவ்ளோ பெருசா ஒரு பலகாரம் கொண்டாறேன்" என்று கையை விரித்து அதிரசத்தைக் காட்டினேன். தட்டு அளவுக்குக் காட்டியிருப்பேன். வெல்லம், எண்ணெய், மணம் என்று நாக்கைச் சப்புக் கொட்டி வேறு காட்டினேன். குட்டிக்குக் கண் விரிந்துவிட்டது. பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாகத் திரும்பினேன். வழியில் ரிங்லெட்டில் ஜப்பார் கடையில் டீ குடித்தேன். அங்கே நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் பேசினேன். அதிரசம் மறந்தே போனது.

மறுநாள் மெலோர் வந்தாளாம், பாப்பா. கதவு வரைக்கும். நான் இல்லை. திரும்பிப் போகிற வழியில் விறகுக் கட்டையை மிதித்திருக்கிறாள். பூரான் கடித்துவிட்டது. கால் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. தோட்டத்து டிரஸர் ஊசி போட்டார். இப்போது பயமில்லை, நடக்கிறாள்.

ஆனால் கம்போங்கில் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். என்னைக் கண்டதும் பிள்ளைகளை வீட்டுக்குள் கூட்டிக்கொள்கிறார்கள். ஜப்பாரிடம் சொன்னேன். அவர் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"யோவ் முருகையா, கெம்புனான்லா! மலாய்க்காரங்களே பயப்படுவாங்க. இவங்க அதுக்கும் மேல. திங்கறதக் காட்டி ஆசையக் கெளப்பிட்டுக் குடுக்காம விட்டா, ஆசைப்பட்ட ஆளுக்கு ஆபத்து வரும். பாம்பு வரும், பூரான் வரும், மரம் விழும். அதிரசம்னு சொன்னியே, கொண்டு போயி வாயில வச்சியா?"

"மறந்துட்டேன் பாய்."

"நீ மறந்தே, பூரான் மறக்கல."

என்ன செய்வது என்று எழுது. நான் இனி வாயைத் திறந்தால் என்ன கடிக்கும் என்று தெரியவில்லை.

முருகையா

*

கோலாலம்பூர்
20 ஏப்ரல் 1985

அப்பா,

அழுதுவிட்டேன். பிறகு கோபம் வந்தது. பிறகு தட்டு அளவு அதிரசம் என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

உடனே அம்மாவை அதிரசம் சுடச் சொல்லுங்கள். கொண்டு போய்க் கொடுங்கள். ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள். அவர்கள் வீட்டுப் படியில் உட்காருங்கள். வகுப்புக்கு அனுப்புங்கள் என்று கேட்காதீர்கள். அவர்கள் பேசும் வரை பேசாமல் இருங்கள். உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும். வாயில் ஒரு அதிரசத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

நவமணி

*

கிளென்மோர்
10 மே 1985

அன்பு மகளுக்கு,

நல்ல செய்தி. முதலில் அதைச் சொல்லிவிட்டுப் பிறகு அவமானங்களுக்கு வருகிறேன். எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

உன் அம்மா பாகு காய்ச்சும்போது பேசியதை எழுதினால் தபால் ஆபீசில் கடிதத்தை வாங்கமாட்டார்கள். "ஊர்ல எல்லாரும் பொண்டாட்டிக்குப் பயந்து பலகாரம் வாங்குவான், இவரு பூரானுக்குப் பயந்து சுடச் சொல்றாரு" என்றது மட்டும் எழுதத்தக்கது. ஆனால் சுட்டாள். ஒன்றே ஒன்றைத் தட்டு அளவுக்குத் தனியாகச் சுட்டாள். கேட்டதற்கு, "நீங்க கையால காட்டுன அளவு இதுதானே? சொன்னா சொன்னபடி இருக்கணும்" என்றாள். அது நடுவில் வேகாமல், மூன்று முறை எண்ணெயில் விழுந்து எழுந்தது.

நாங்கள் இரண்டு பேருமே போனோம். மெலோர் பெரிய அதிரசத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஓரத்தில் ஒரு கடி. வா இடா பெருமூச்சு விட்டாள் பார், அந்தப் பெருமூச்சில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அத்தனை நாளும் அவள் பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்கவே இல்லையாம். அடுத்தது என்ன வருமோ என்று.

பிறகு நீ சொன்னபடி படியில் உட்கார்ந்தேன். பேசவில்லை. கோழி ஒன்று வந்து என் காலைக் கொத்தியது. அப்போதும் பேசவில்லை. உன் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

கடைசியில் பா அலாங் வாயைத் திறந்தார். மலாயில்தான் பேசினோம்.

நான் கேட்டேன்: "கோவமா?"

"கோவம் இல்ல. பயம். நீ சொன்னத அவ மனசு தின்னுடுச்சு, வாய் திங்கல. அந்த நடுவுலதான் பூரான் வந்துச்சு."

அனுப்புங்கள் என்று கேட்கக்கூடாது என்றாயே, அதனால், "நாளைக்கு மெலோர் என்ன செய்யப் போவுது?" என்று சுற்றி வளைத்தேன்.

"அவளத்தான் கேக்கணும். அவ காலு அவளோடது. வர்றேன்னா வருவா, மனசில்லன்னா மனசில்ல. வந்தா நாங்களும் வருவோம். உள்ள அவ அழுதா யாரு கேக்கறது?"

வா இடா அதுவரை பேசாதவள், அப்போது சொன்னாள்: "அந்தக் கதவு ஆட்டுக்குப் போட்டதுன்னு நெனச்சோம். நின்னு நின்னு பாத்தோம். ஆடு ஒண்ணும் வரல. நாங்கதான் வந்திருந்தோம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கடித்த அதிரசத்தை நான் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஃபேக்டரி ஸ்பேனரை இடுப்பில் சொருகிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். கதவின் கீல் பக்கம் குனிந்தேன். பின்னால் ஜெயா.

"என்னண்ணே பண்றீங்க?"

"துருப் புடிச்சிருக்கான்னு பாக்குறேன்."

"போட்டு ஒரு மாசம் ஆவல, துருவா?"

மாட்டிக்கொண்டேன். அவள் பையன், அந்த நாலு வயசுக்காரன், அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏதாவது பேச வேண்டுமே என்று, "ஒம் மவன் வகுப்புல அழுவுறதே இல்லியேம்மா" என்றேன். சத்தியமாக வேறு யோசனை எனக்கு இல்லை, அவ்வளவு மூளை இருந்தால் நான் ஏன் ஆறாம் வகுப்போடு நின்றேன்?

"அவன் எதுக்கு அழுவான், நான்தான் கூடவே இருக்கேனே" என்றாள்.

சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். அவள் சொன்னதை அவளே கேட்டுக்கொண்டாள் போலிருக்கிறது. திரும்பிக் கதவைப் பார்த்தாள். பிறகு குனிந்து அதன் இன்னொரு முனையைப் பிடித்தாள்.

"நான் புடிச்சிக்கிறேன், நீங்க கழட்டுங்கண்ணே. கால்ல போட்டுக்காதீங்க."

கழற்றிய கதவை எங்கே வைப்பது? கொட்டகைக்கு முன்னால் ஒரு வாய்க்கால் இருக்கிறதே, கைப்பிள்ளைக்காரிகள் தாண்டிக் குதித்துத்தானே வருவார்கள்? அதன் மேல் படுக்கப் போட்டோம். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. அன்றைக்கு முதலில் அதன் மேல் நடந்து வந்தவள் மெலோர். பின்னால் அவள் அப்பன். அவர் பின்னால் வா இடா, கீழே குனிந்து பார்த்து, "இப்ப நல்ல கதவு" என்றாள்.

இப்போது வகுப்பைப் பார்க்க வேண்டுமே நீ! கை கழுவ நீ கட்டிக் கொடுத்த பாட்டு மூன்று பாஷையில் போகிறது. மலாயில் ஒரு அடி, செமாயில் ஒரு அடி, நம்ம பாஷையில் "கையக் கழுவு, காலைக் கழுவு, மூக்கை மட்டும் விட்டுவிடு." வா இடாதான் பிள்ளைகளைவிடச் சத்தமாகப் பாடுகிறாள். வெள்ளிக்கிழமை கதை நேரம் பா அலாங்குடையது. ஜெயாவுக்கு ஒரு வார்த்தையும் புரியாது, எல்லாருக்கும் முந்திக் கை தட்டுகிறாள். இதைப் பார்த்து நம்ம லயத்து அம்மாமார்களும் வரத் தொடங்கிவிட்டார்கள். காளியம்மா தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு நேரே வந்து பாயில் உட்காருகிறாள். "என் மவன் என்னாதான் படிக்கிறான்னு நானும் பாக்க வேணாமா?" என்கிறாள். இத்தனை வருசம் அவளை யாரும் உள்ளே வா என்று கூப்பிட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

அதிரசத்தில் மீதி இல்லை. கேட்காதே.

உன் அப்பா,
முருகையா

*

கோலாலம்பூர்
21 ஜூன் 1985

அன்புள்ள அப்பா,

"இப்ப நல்ல கதவு" என்பதை என் பயிற்சி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் விரிவுரையாளர் இரண்டு மணி நேரம் சொன்னதை வா இடா மூன்று சொல்லில் முடித்துவிட்டாள்.

புவான் ஆரிஃபா வருகிற தேதி தெரிந்துவிட்டது. ஜூலை பதினைந்து. ஜெயாக்காவிடம் சொல்லுங்கள். பயப்பட வேண்டாம், அவர் நல்ல மனுஷி. ஆனால் கண்ணால் பார்க்காத எதையும் எழுதமாட்டார்.

இன்னொரு விஷயம். டவுன் பள்ளியில் என்னை நெருக்குகிறார்கள். நல்ல கட்டடம், நல்ல சம்பளம். ஜூலை கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்களும் அம்மாவும் என்ன நினைக்கிறீர்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

நவமணி

*

கிளென்மோர்
19 ஜூலை 1985

என் கண்ணான மகளுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. சின்ன நாற்காலியாக இருந்தால் வேண்டாம்.

அதிகாரி வருவதற்குப் பத்து நாள் இருக்கும்போது பா அலாங் வந்து, "பழம் விழத் தொடங்கிடுச்சு, போறோம்" என்றார். எங்கே? லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குக்கும் கீழே, அவர்களுடைய டுரியான் மரங்களுக்கு. கம்போங் முழுக்கப் போகும். பழம் தீரும் வரைக்கும் அங்கேயேதான் குடிசை.

அதிகாரி வருவதைச் சொன்னேன்.

"பழம் அதிகாரிக்குக் காத்திருக்காது."

இருங்கள் என்று கேட்க வாய் வந்தது பாப்பா. பிடித்து அடக்கிக்கொண்டேன். நான் கேட்டால் அவர் முடியாது என்று சொல்லக் கூச்சப்படுவார் என்று இத்தனை நாளில் தெரிந்துவிட்டது. அவரோ என்னையும் ஜெயாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாங்க போறோம், வகுப்பு வரலியா?" என்றார்.

"வகுப்பு எப்படிய்யா வரும்? அது இங்க இருக்கு" என்றேன்.

அவர் கொட்டகையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். இவனுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது என்பது மாதிரி என்னையும் பார்த்துவிட்டுப் போனார். ஜெயா மட்டும் ஓடிப்போய் ஒரு ஸ்லேட்டையும் கொஞ்சம் கலர் சாக்பீசையும் வா இடாவின் கூடையில் போட்டாள்.

பதினாலாம் தேதி ஸ்டோர்க்காரன் வந்து உரமூட்டை எத்தனை அடுக்கலாம் என்று கொட்டகைச் சுவரை அளந்துகொண்டு போனான். ஜெயா அழுதாள். அவள் அழுததைப் பார்த்து அவள் பையன் முதல்முறையாக வகுப்பில் அழுதான்.

பதினைந்தாம் தேதி. லேண்ட் ரோவரில் புவான் ஆரிஃபா வந்து இறங்கினார். வாய்க்கால் மேல் கிடந்த கதவில் நடந்து, "இது என்ன, கதவு மாதிரி இருக்கு?" என்றபடி உள்ளே வந்தார். நம்ம பிள்ளைகள் ஒரு பக்கம் பாடின. இன்னொரு பக்கம் பாய் வெறுமனே கிடந்தது. அந்தப் பாயைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓராங் அஸ்லி பிள்ளைகள் எங்கே?" என்று செமாய்ப் பிள்ளைகளைக் கேட்டார்.

ஜெயா என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. "வகுப்புல பாதி கொஞ்சம் கீழ போயிருக்கு, புவான். வாங்க காட்டுறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, கீழே வகுப்பு இருக்கிறதா, டுரியான் தோல் மட்டும் இருக்கிறதா, எனக்கென்ன தெரியும்? லேண்ட் ரோவரில் உட்கார்ந்து மாரியம்மனையும், ஜப்பாருக்காக அல்லாவையும் சேர்த்துக் கூப்பிட்டேன். பெர்த்தாம் தாண்டி ரோடு முடிந்தது. நடந்தோம். அதிகாரியின் சப்பாத்து ஒன்று சேற்றிலேயே தங்கிவிட்டது. நான் தோண்டி எடுத்துக் கொடுத்தேன். அட்டை இரண்டு பேரையும் பேதம் பார்க்காமல் கடித்தது. "இன்னும் எவ்வளவு தூரம், பாக்சிக்?" என்று மாமா முறை வைத்து அவர் கேட்கும்போதெல்லாம், "இதோ" என்றேன். எனக்கே வழி சரியாகத் தெரியாது.

அப்போது கேட்டது, பாப்பா. மரங்களுக்கு நடுவிலிருந்து. உன் பாட்டு.

முதலில் பிள்ளைகள் குரல். அதற்குப் பின்னால் தடித்தடியாக ஆம்பிளைக் குரல்கள். காட்டுக்குள் டுரியான் பொறுக்க வந்த அத்தனை ஆம்பிளைகளும் சேர்ந்து நம்ம பாஷையில், "மூக்கை மட்டும் விட்டுவிடு!"

ஓலைக் கூரை போட்ட ஒரு குடிசை. கீழே பாய். ஜெயா கொடுத்த ஸ்லேட்டைப் பிரம்பு நாரில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். முன்னால் வா இடா நின்றாள். பிள்ளைகளோடு பிள்ளையாகப் பா அலாங் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேண்டுமென்றே எல்லாவற்றையும் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கையைக் கழுவு என்றால் காதைத் தேய்த்தார். பிள்ளைகள் கத்திக் கூச்சல் போட்டு அவரைத் திருத்தினார்கள். அதிகம் கத்தியது மெலோர். ஒரு வார்த்தை பேசாது என்றாயே, அந்த மெலோர். கூச்சல் அதிகமானதும் வா இடா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கையக் கட்டு! வாயப் பொத்து!" என்றாள். அப்படியே ஜெயா குரல், அப்படியே ஜெயா இடுப்பு. நான் சிரித்த சிரிப்பில் மேலே இருந்த பழம் ஒன்று விழுந்தது. நல்லவேளை, தலையில் இல்லை.

புவான் ஆரிஃபா பாயின் ஓரத்தில் நின்று பார்த்தார். பிறகு பா அலாங்கிடம் கேட்டார்: "இங்கே வகுப்பு நடத்தச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. நாங்க வந்தோம், புள்ளைங்க வந்தாங்க. வகுப்பு மட்டும் எப்படி வராம இருக்கும்?"

ஒரு பழத்தை வெட்டி வைத்தார்கள். வேலை நேரம் என்று அவர் கையை ஆட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தொட்டாவது வாயில வச்சிருங்க புவான், கெம்புனான்! எனக்கு அனுபவம் இருக்கு!" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "எனக்கே சொல்லித் தர்றீங்களா, பாக்சிக்?" என்று உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்க வெகுநேரமானது. மூன்றாவது பழம் அவரே கேட்டு வாங்கினார்.

முடிவைச் சொல்கிறேன். வகுப்பை அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது. பழக் காலத்தில் வகுப்பு காட்டில் நடந்தால் அதுவும் வகுப்புதான் என்று எழுதிவிட்டார். வா இடாவுக்கு உதவி ஆசிரியை உத்தியோகம், சம்பளத்தோடு. பெற்றவர்கள் உள்ளே உட்காருவது தொந்தரவு என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது, அதுதான் இந்த வகுப்பின் முறை என்று எழுத்திலேயே வந்துவிட்டது. பெரிய துரை வந்து எனக்குக் கை கொடுத்தார். உரம் இன்னும் இடம் தேடுகிறது. ஜெயாவிடம் வா இடா அவளை மாதிரியே பேசியதைச் சொன்னேன். "நான் அப்படியாண்ணே கத்துறேன்?" என்று கத்தினாள்.

இனி உன் கேள்வி.

திரும்பி வரும்போது புவான் ஆரிஃபாவே கேட்டார். "உங்க மகளுக்கு அங்கேயும் இடம் இருக்கு, இப்போ இங்கேயும் இருக்கு. அப்பா நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவங்க கேப்பாங்க. நீங்க என்ன ஆசைப்படறீங்க, சொல்லுங்க."

"அவ காலு அவளோடது, புவான்" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவர் சும்மா இருந்துவிட்டார். உன் அம்மா சும்மா இருப்பாளா? "வாயத் தொறந்து ஒரு வார்த்தை எழுதினா கை தேஞ்சா போவும்?" என்று இப்போதும் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். எழுதமாட்டேன். ஓர் ஆசையைக் காதில் விழும்படி சொல்லிவிட்டால், கேட்டவர்கள் அதைத் தீர்த்து வைத்தே ஆக வேண்டும். தீர்க்காவிட்டால் பூரான் வரும். நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். உனக்கு எது பிடிக்கிறதோ அதைச் செய். எதைச் செய்தாலும் எங்களுக்குச் சந்தோசம்தான், இது பொய்யில்லை.

வேறு செய்தி ஒன்றும் இல்லை. அன்று காட்டில் பா அலாங், பழம் முடிந்து வந்ததும் வகுப்பில் எனக்கென்று மூங்கிலில் ஒரு பெரிய நாற்காலி செய்து தருகிறேன் என்றார், அது நேற்றே காட்டிலிருந்து வந்துவிட்டது. உட்கார்ந்தேன், எழுந்தேன். அது அங்கேயே இருந்தது. பக்கத்தில் இன்னொரு நாற்காலிக்கு மூங்கில் சீவிக்கொண்டிருக்கிறாராம், கொஞ்சம் சின்னதாக, உன் உயரத்துக்கு. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

உன் அப்பா,
முருகையா